முழி அக்கா கேமரா மாற்றிய வருஷம்

ஊரில் பாதிப் பள்ளிக்கூடங்களில் அவளுக்கு ஒரே பெயர்தான்: முழி அக்கா. அவளுக்கு முழி பெரிது என்பதால் வந்த பெயர் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக நிறுத்தி குரூப் போட்டோ எடுப்பது அவள் தொழில். பட்டனை அமுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "முழிச்சுக்கோ, முழிச்சுக்கோ, எல்லாரும் முழிச்சுக்கோ" என்று குரல் கொடுப்பாள். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தெட்டுப் பேர் முழிப்பார்கள். மீதி இரண்டு பேருக்காக இன்னும் நாலு தடவை எடுக்க வேண்டியிருக்கும். அந்த நாலில், ஏற்கெனவே ஒழுங்காக முழித்த ஒருவன் தும்முவான். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை.

இந்தத் தொழிலை அவள் தலையில் கட்டியவர் அவளுடைய அண்ணன். அவர் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். பதினாலு பை வைத்த ஒரு சட்டையை மேலே மாட்டிக்கொண்டுதான் வெளியே கிளம்புவார். எந்தப் பையில் எது இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. முதன்முதலில் ஒரு பள்ளிக்கூட வேலை வந்தபோது அரை நாளில் திரும்பி வந்து, "கல்யாணப் பொண்ணுன்னா திரும்புன்னா திரும்பும். இதுங்க திரும்புன்னா ஓடுது. நீயே பார்த்துக்கோ" என்று கேமராவைத் தங்கை கையில் கொடுத்துவிட்டார். அதுவரை அவருக்கு ஃபிளாஷ் பிடித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மதியத்திலிருந்து போட்டோகிராபர்.

அவள் கையில் இதுவரை இருந்தவை நாலு கேமரா. நாலும் அண்ணன் வைத்திருந்து கழித்தவை. அவர் புதிது வாங்கும்போதெல்லாம் பழையது தங்கைக்கு வரும். லென்ஸ்களும் அப்படித்தான். அவளுக்கென்று மூன்று, அதற்கு மேல் தேவைப்பட்டால் அண்ணனிடம் வாங்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்து கொடுப்பார், அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கொண்டு போவார். போகும்போது மத்தியானச் சாப்பாடும் முடிந்திருக்கும்.

அண்ணன் மஞ்சள் கட்சி. கேமரா செய்வதில் பெரிய கம்பெனிகள் இரண்டு இருந்தன; ஒன்றின் கழுத்துப் பட்டையில் மஞ்சள் எழுத்து, இன்னொன்றில் சிவப்பு எழுத்து. ஒன்றின் லென்ஸ் மற்றதில் சேராது. அந்த வீட்டில் யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. மஞ்சள், சிவப்பு, அவ்வளவுதான். அண்ணன் முதல் கேமராவிலிருந்தே மஞ்சள். சிவப்புப் பட்டை போட்ட யாரையாவது கல்யாண மண்டபத்தில் பார்த்தால், பரிதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்வார்.

அவளுடைய கணவர் சிவப்புக் கட்சி. இதில் ஒரு சின்ன விஷயம் என்னவென்றால், அவரிடம் கேமராவே கிடையாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொருளாக இருந்தாலும் அதோடு வரும் விளக்கப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவர். மிக்ஸி வாங்கினால் மிக்ஸிக்கு முன்னால் புத்தகத்தைப் பிரிப்பார். வேலை முடிந்து வந்ததும் ஃபோனில் கேமரா பற்றிப் பேசுகிறவர்களின் வீடியோக்களைப் பார்ப்பார். பார்த்துப் பார்த்து, சிவப்பே உசத்தி என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டார். தன் மச்சான் மஞ்சள் என்பதற்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் சொல்வார். யாரும் கேட்காமலேயே சொல்வார்.

அந்த வருஷத்தின் முதல் பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பு மூன்று வரிசையாக நின்று, எல்லாரும் அதிசயமாக ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டிருந்த அந்த நொடியில், நாலாவது கேமரா "க்ளக்" என்றது. "க்ளிக்" இல்லை. அவள் மறுபடியும் அமுக்கினாள். ஒன்றும் இல்லை. உள்ளே ஷட்டர் பாதி வழியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"ஆச்சா?" என்றார் வகுப்பு டீச்சர்.

"ஆகலை. இன்னைக்கு ஆகாது" என்றாள் முழி அக்கா.

மூன்று லட்சம் படத்துக்கு மேல் எடுத்த கேமரா. இனி சரி செய்தாலும் நம்ப முடியாது என்று சர்வீஸ்காரர் கையை விரித்துவிட்டார். அந்தப் பள்ளியை அண்ணனின் கேமராவை ஒரு நாள் வாங்கி முடித்தாள். அடுத்த பள்ளிக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஐந்தாவது கேமரா வேண்டும். இந்த முறை அண்ணனிடம் கழிப்பதற்கு எதுவும் இல்லை. அவர் வைத்திருந்ததே ஒன்றுதான், அது அவருக்கு வேண்டும். புதிதாகத்தான் வாங்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அவளே ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

அவளே என்று சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவளைப் பேச விட்டால்தானே.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? லென்ஸ் மூணும் மஞ்சள். என்கிட்ட இருக்கிறது ஆறும் மஞ்சள். கேமரா உடம்பை மட்டும் வாங்கினா போதும்" என்றார் அண்ணன்.

"மச்சான், லிஃப்ட்ல கயிறு பழசா இருக்குன்னு பெட்டியையும் பழசாவே மாட்டுவாங்களா?" என்றார் கணவர்.

"மாப்பிள்ளை, கயிறு நல்லாத்தான் இருக்கு. பெட்டிதான் போச்சு."

"சிவப்புல நிறம் எப்படி வருது தெரியுமா? மனுஷத் தோல் மனுஷத் தோல் மாதிரி இருக்கும்."

"நீங்க எடுத்துப் பார்த்தீங்களா?"

கணவர் தண்ணீர் குடித்தார். "பார்த்தவங்க சொல்லிக் கேட்டிருக்கேன்."

"கேட்டது சரி. நான் கேட்டது, பார்த்தீங்களான்னு."

முழி அக்கா நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பரிமாறிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும், "அம்மா, உனக்கு எது வேணும்?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், மாமாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

அவளுக்கே அப்போது பதில் தெரியாது என்பதுதான் உண்மை. மறுநாள் அவள் கேமரா வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குப் போனாள். ஒரு மாடிப்படியின் அடியில் இருந்த சின்னக் கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் நெஞ்சு உயர அலமாரி. நடத்துகிறவள் அவளைவிடப் பத்து வயது இளையவள்; மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவள்.

"எதை எடுக்கிறதுன்னு தெரியலைன்னா ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க அக்கா. ஒரு நாள் வேலை பாருங்க. வீடியோ பார்த்தா தலைவலிதான் வரும்" என்றாள் கடைக்காரி. "எதுல கை வலிக்குதோ அதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

அவளுக்குத் தெரிந்த தலைமை ஆசிரியை ஒருவர், தன் பள்ளியில் அந்த வாரமே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். காலையில் கீழ் வகுப்புகள் மஞ்சளில். மத்தியானம் நாலாம் வகுப்பும் மேல் வகுப்புகளும் சிவப்பில் என்று அவள் பிரித்துக்கொண்டாள்.

காலை வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போயிற்று. மஞ்சள் கேமரா புதியதுதான், ஆனால் பொத்தான்கள் எல்லாம் பழைய இடத்தில். விரல்கள் அவளைக் கேட்காமலே வேலை பார்த்தன. ஐந்து வகுப்புகளைப் பதினோரு மணிக்குள் முடித்துவிட்டு டீ குடித்தாள். மஞ்சள்தான், பேச்சே இல்லை என்று மனசுக்குள் முடிவும் பண்ணிவிட்டாள்.

மத்தியானம் அவள் பாடு திண்டாட்டம் ஆனது. சிவப்பில் லென்ஸை மாட்டுவதே எதிர்ப்பக்கமாகத் திருப்பி. படத்தைக் கிட்டத்தில் கொண்டுவரும் வளையமும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரு பக்கம் திரும்பிய கை, வகுப்பு முழுவதையும் பார்க்கலாம் என்று திருப்பினால் நடுவில் நின்ற டீச்சரின் மூக்கு மட்டும் தெரிந்தது. பதறிப்போய் மறுபக்கம் திருப்பினால் பள்ளிக்கூடக் கூரை, தண்ணீர்த் தொட்டி, மேலே உட்கார்ந்திருந்த காக்கை எல்லாம் தெரிந்தது. அவள் தனக்குத் தானே முணுமுணுக்க ஆரம்பித்தாள். பின்வரிசைப் பெஞ்சு மேல் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

நாலாம் வகுப்பு வந்து நின்றபோது அவள் ஓய்ந்துவிட்டாள். கேமராவின் பின்பக்கத் திரையை விரலால் நெம்பினாள். அது கதவுபோல வெளியே திறந்து மேல்நோக்கித் திரும்பியது. பழைய கேமராக்களில் இது கிடையாது. காலையில் பிடித்த, ஏறக்குறைய அதே விலையுள்ள மஞ்சளிலும் இல்லை. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, திரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தாள்.

முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தை, ஒரு பல் விழுந்த வாயோடு கேட்டது: "நீங்கதான் முழி அக்காவா?"

"ஆமா. போன வருஷமும் நான்தானே வந்தேன்."

"போன வருஷம் உங்களுக்கு மூஞ்சி இல்லையே."

யோசித்துப் பார்த்தால் அந்தக் குழந்தை சொன்னது சரி. வகுப்புக்கு ஏழு நிமிஷம். வந்ததும் கேமராவைக் கண்ணில் வைப்பாள், முடிந்ததும் அடுத்த வகுப்பு. பிள்ளைகள் பார்ப்பது ஒரு கறுப்புப் பெட்டியும், அதற்குப் பின்னால் முழி, முழி என்று கத்துகிற ஒரு குரலும்தான். இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளை, ஒரு பெட்டியைப் பார்த்துச் சிரி என்று மிரட்டியிருக்கிறாள்.

"இப்ப இருக்கா?" என்று கேட்டாள்.

குழந்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "இருக்கு. எங்க சித்தி மாதிரி இருக்கு" என்றது.

அவள் சிரித்தாள். வகுப்பும் சிரித்தது. விரல் பட்டனில்தான் இருந்தது. அந்த ஒரு படத்தில் முப்பத்தொன்பது பேரும் முழித்திருந்தார்கள். டீச்சர்கூட.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரு கட்சிக்காரர்களையும் சோதித்துப் பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது. ஆறு படங்களைப் பெரிதாக அச்சுப் போட்டு மேஜையில் பரப்பினாள். எது எந்தக் கேமரா என்று கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன் ஒரு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அதற்குள் மூன்று பைகளைத் திறந்து மூட வேண்டியிருந்தது. கணவர் படங்களை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இந்த மூணும் மஞ்சள். நிழல்லகூட விவரம் இருக்கு பாருங்க" என்றார் அண்ணன்.

"அதுல ரெண்டு சிவப்பு மச்சான். கன்னத்தைப் பாருங்க, இது மஞ்சள்ல வருமா?"

"வந்துதானே இருக்கு."

முழி அக்கா படங்களைத் திருப்பி, பின்பக்கம் அச்சுக் கடையில் பென்சிலால் எழுதியிருந்த வகுப்புகளைப் பார்த்தாள். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மறுபடியும் ஒன்று. அச்சுக் கடைக்கு இரண்டு கேமராவின் மெமரி கார்டும் கொடுப்பதாக நினைத்து, காலையில் எடுத்த கார்டை மட்டும் கொடுத்திருக்கிறாள். ஆறும் மஞ்சள். மேஜையில் சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று மூன்றாகப் பிரித்து, காரணத்தோடு விளக்கி, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள்.

"என்ன, யார் சொன்னது சரி?" என்றார் கணவர்.

"ரெண்டு பேருக்கும் நல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் படங்களை வாரிக்கொண்டு உள்ளே போனாள். மகளிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் தனியாகப் போய் சிவப்பை வாங்கினாள். அதற்கேற்ற லென்ஸ் ஒன்றும் சேர்த்து வாங்கினாள். வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது கணவருக்கு வாயெல்லாம் பல். விளக்கப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கஷ்டமான காரியம் அடுத்த நாள் இருந்தது. மூன்று பழைய லென்ஸ்களையும் துடைத்து, மூடி போட்டு, ஒரு பையில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் வெளி அறையில் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தார். பையைத் திறந்து பார்த்தார்.

"என்ன இது?"

"எனக்கு இனிமே பொருந்தாது அண்ணா. உனக்கு ஆகும்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திறந்து பார்த்து, மூடி வைத்தார். மூன்றாவதின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. அது அவர் கையில் இருந்தபோதே விழுந்தது. அதைக் கட்டை விரலால் தடவினார்.

"சிவப்பா?"

"சிவப்பு."

"மாப்பிள்ளை சொன்னாரா?"

"அவர் சொன்னதுக்காக இல்லை. நீ சொன்னதுக்கு எதிராவும் இல்லை. கையில பிடிச்சுப் பார்த்தப்போ எனக்கு அதுதான் சரின்னு தோணிச்சு."

அண்ணன் ஆல்பத்தின் பக்கங்களை நேராக அடுக்கினார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. "சரி. அப்ப ஞாயித்துக்கிழமை லென்ஸ் தூக்கிட்டு நான் அலைய வேண்டாம். நல்லதுதான்" என்றார்.

"நீ லென்ஸுக்காகவா வந்த?"

அவர் உள்ளே திரும்பி அவளுக்குக் காபி போடச் சொன்னார்.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஃபோன் பண்ணினால் வேலை இருக்கிறது என்றார். முதல் வாரம் கணவர் வெற்றிக் களிப்பில் இருந்தார். சிவப்பு எப்படி என்று மேஜையில் தானாகவே பேசிப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. மகள், "ஆமாப்பா" என்றாள். ஆமாம் என்று சொன்னால் அதற்கு மேல் எப்படிப் பேசுவது. இரண்டாவது வாரம் சாப்பிடும்போது இரண்டு தடவை எழுந்து வாசல்பக்கம் எட்டிப் பார்த்தார். தபால் வருமோ என்று பார்ப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரிலும் தபால் வராது.

மூன்றாவது ஞாயிறு காலை கணவர் விளக்கப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே?" என்றாள் முழி அக்கா.

"ஒரு சந்தேகம். இருநூத்திப் பதினோராம் பக்கம். இதைக் கேமரா தெரிஞ்சவங்ககிட்டதான் கேக்கணும்."

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். தெருமுனையிலிருந்தே குரல் கேட்டது. மஞ்சளில் அதே காரியத்துக்கு ஒரு பொத்தான் போதும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டு வந்தார். கணவர் மறுக்கவில்லை. புத்தகத்தை முழுவதும் படித்த பிறகு அவருக்கு மனசுக்குள் ஒரு கசப்பு வந்திருந்தது. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் சொன்னதைச் செய்ய முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போ என்கிறது, அங்கே போனால் இருநூற்றுப் பதினொன்றைப் பார் என்கிறது. ஒரு லிஃப்டுக்கு இப்படி எழுதினால் ஆள் மேலேயும் போக மாட்டான், கீழேயும் வர மாட்டான் என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன், கேமரா இருந்த பக்கம் பார்க்காதவர்போலப் பார்த்துவிட்டு, "எங்கே, அதைக் காட்டு" என்றார். கேமராவைக் கையில் வாங்கி எடை பார்த்தார். வளையத்தைத் திருப்பினார், தப்பான பக்கம். "பொருள் செய்யத் தெரியாதவங்க" என்று சொல்லிவிட்டு, திரையை வெளியே திறந்தார். அதை அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு, ஐம்பத்தைந்து வயதில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுகிற அந்த மனிதர், நின்றபடியே கேமராவை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, தரையில் தூங்கிக்கொண்டிருந்த பூனையை ஒரு படம் எடுத்தார். இன்னொன்று எடுத்தார்.

"மண்டி போட வேண்டியதில்லை" என்றார் மெதுவாக.

"என்ன அண்ணா?"

"ஒண்ணும் இல்லை."

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் கட்சிகள் இடம் மாறின. அண்ணன் இன்னும் மஞ்சள்தான் வைத்திருந்தார், ஆனால் சிவப்பின் திரையைப் பற்றி யாராவது குறை சொன்னால் பொறுக்க மாட்டார். குறை சொல்கிறவர் மாப்பிள்ளைதான். புத்தகம் ஒழுங்காக எழுதத் தெரியாத கம்பெனி என்று அவர் ஆரம்பிப்பார். கண்ணால் பார்த்து எடுக்கிறவனுக்குப் புத்தகம் எதுக்கு என்று இவர் முடிப்பார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பழையபடி மூன்று மணி வரை போயிற்று.

முழி அக்காவின் கை பழகுவதற்கு ஏழு பள்ளிக்கூடம் ஆனது. அதற்குள் எத்தனையோ டீச்சர்களின் மூக்கு தனியாகப் படமாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று நன்றாக வந்திருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், அவர்கள் இருவரும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, அவள் கம்ப்யூட்டரில் முந்தின நாள் எடுத்த ஆறாம் வகுப்பைப் பெரிதாக்கி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரிசையில், வலது ஓரத்தில் நின்ற பையனுக்கு மீசை இருந்தது. பேனாவால் வரைந்த மீசை. இரண்டு முனையும் மேலே சுருண்டு, அளவெடுத்ததுபோல. பதினோரு வயது முகத்தில் அப்படி ஒரு கம்பீரம். எப்போது வரைந்துகொண்டான் என்று தெரியவில்லை. மற்ற நாலு படங்களிலும் வெறும் உதடுதான். எல்லாரும் முழித்திருந்த படம் இது ஒன்றுதான்.

அவள் சிரித்த சத்தம் கேட்டு இருவரும் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

"அழிச்சிடு. ரெண்டு நிமிஷ வேலை. குரூப் போட்டோ காலத்துக்கும் சுவர்ல தொங்குறது" என்றார் அண்ணன்.

"அழிக்கவே கூடாது மச்சான். அவன் கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கான்."

"அவங்க அம்மா என்ன சொல்லுவாங்க?"

"அவங்க அம்மா சட்டம் போட்டு மாட்டுவாங்க."

"நீங்க அந்த அம்மாவைப் பார்த்தீங்களா?"

குரல்கள் மறுபடியும் கூடத்துக்கு நகர்ந்து, அங்கே உட்கார்ந்து, ஏறத் தொடங்கின. முழி அக்கா படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு எதையும் தொடாமல் அச்சுக்கு அனுப்பினாள். முப்பத்தாறு பிரதிகள், பள்ளிக்கூட அலுவலகத்துக்கு ஒன்று.

தலைமை ஆசிரியையிடமிருந்து புதன்கிழமை ஃபோன் வந்தது. அவர் குரலை வைத்து முதலில் ஒன்றும் ஊகிக்க முடியவில்லை. மீசைக்காரப் பையனின் வீட்டில் இன்னும் நாலு பிரதி கேட்கிறார்களாம், முடிந்தால் கொஞ்சம் பெரிய அளவில்.